முதன்மை என்னும் முடிபு: ஓர் இசைத்தட்டும் கேட்போர் கருத்துக்களும்

1. தோற்றுவாய்

ஒரு கலைப்படைப்பை மதிப்பிடுமிடத்து, அதனை ஆக்கியவர் யார், எக்காலத்தவர், எவ்வழி வந்தவர் என வினவுதல் எமது திறனாய்வில் வேரூன்றிய வழக்கமாகும். அதனைக் கேட்டவர் யார், எங்கிருந்து கேட்டார், எதனைக் கேட்டுப் பழகிய செவியோடு கேட்டார் என்னும் வினாக்கள் அத்துணை எழுப்பப்படுவதில்லை. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலுக்கு உரைகண்ட பேராசிரியர், சுவைக்கப்படும் பொருளையும் அதனை நுகர்வோர் பெறும் சுவையுணர்வையும் வேறுபிரித்துக் காட்டினார். எனினும் அவ்வேறுபாட்டைப் பற்றுக்கோடாகக் கொண்டு, பொருள் ஒன்றேயாக நிற்க நுகர்வோர் மாறுந்தோறும் அதன் மதிப்பு எங்ஙனம் மாறுகின்றது என ஆராய்ந்த கட்டுரைகள் எம்மிடையே அரிதாகவே உள்ளன.

இவ்வாராய்ச்சிக்குப் பெரிதும் பொருந்துவதாய் எமக்குத் தோன்றுவது, பம்பாய் இசைஞர் சரண்ஜித் சிங் 1982ஆம் ஆண்டில் வெளியிட்ட இசைத்தட்டாகும். டிஸ்கோ தாளத்துக்கு இசைந்த பத்து இராகங்கள் என்பது அதன் தலைப்பின் பொருள். வெளிவந்த காலத்தில் அதனை ஏறெடுத்துப் பார்த்தவர் மிகச் சிலர். 2010ஆம் ஆண்டில் அது மறுபதிப்பாக வெளிவந்ததும், உலகின் முதலாவது அசிட் ஹவுஸ் இசைத்தட்டு அதுவே என மேனாட்டுக் கேட்போர் பலர் முழங்கலாயினர். இருபத்தெட்டு ஆண்டுகளில் இசைத்தட்டிலிருந்த ஓரொலியும் மாறவில்லை. மாறியது கேட்போரின் செவியே. அம்மாற்றத்தின் இயல்பினையும், முதன்மை என்னும் தீர்ப்பின் பெறுமதியையும், எமது கரையில் அவ்விசையைக் கேட்டோர் கூறிய கருத்துக்களின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. இசைத்தட்டும் அதன் கருவிகளும்

1940ஆம் ஆண்டிற் பிறந்து 2015ஆம் ஆண்டில் மறைந்த சரண்ஜித் சிங், இந்தித் திரைப்பட இசைக்குழுக்களிற் கிற்றார், பேஸ் கிற்றார், சிந்தசைசர் முதலிய கருவிகளை வாசித்து வாழ்ந்தவர். திரைப்பாடல்களின் மெட்டுக்களைக் கருவியில் வாசித்து அவர் வெளியிட்ட இசைத்தட்டுக்கள் இதற்கு முன்னரே உள. ஆதலின் 1982ஆம் ஆண்டுத் தட்டு அவரது முதற்பதிவன்று. ஆயினும், ஏனையவை பிறர் பாடல்கள், இதுவே தம் சொந்த ஆக்கம் எனப் பிற்காலச் செவ்வியொன்றில் அவர் குறிப்பிட்டமை மனங்கொள்ளத்தக்கது. பிறர் மெட்டை வாசித்தே காலங்கழித்த ஒருவர் தம் குரலில் முதன்முதற் பேசிய படைப்பு என்ற வகையில், அதனை அவரது தொடக்க ஆக்கமெனக் கொள்ளுதல் தவறாகாது.

அக்காலச் சூழலையும் நோக்குதல் வேண்டும். 1980இல் வெளிவந்த 'குர்பானி' திரைப்படத்தில் நாசியா ஹசன் பாடிய பாடலும், 1981இல் வெளிவந்த அவரது 'டிஸ்கோ தீவானே' இசைத்தட்டும், 1982இல் வெளிவந்த 'டிஸ்கோ டான்சர்' திரைப்படமும் டிஸ்கோ என்னும் சொல்லைத் தென்னாசியாவின் தெருக்கள்தோறும் கொண்டு சேர்த்திருந்தன. எல்லோரும் டிஸ்கோ செய்கின்ற வேளையில் வேறொன்று செய்யலாமே எனச் சரண்ஜித் சிங் எண்ணினார். தபேலாவை நீக்கினார், அதனிடத்தில் டிஸ்கோவின் நான்கு சம அடிகளை வைத்தார், அதன்மேல் இந்துஸ்தானி இராகங்களை வாசித்தார். பைரவ், லலித், பூபாளி, தோடி, மதுவந்தி, மேக் மல்ஹார், யமன், கலாவதி, மால்கோன்ஸ், பைராகி என்பன அப்பத்து இராகங்களாம்.

அவர் பயன்படுத்திய கருவிகள் மூன்றும் யப்பானிய றோலண்ட் நிறுவனத்தின் ஆக்கங்கள். தாளத்தைத் தருவது டீ.ஆர். 808 என்னும் தாள இயந்திரம். இராக மெட்டை இசைப்பது யூப்பிட்டர் 8 என்னும் சிந்தசைசர். கீழ்க்குரலில் ஓயாது சுழன்று வருவது டீ.பி. 303 என்னும் கருவி. இம்மூன்றாவது கருவியின் கதை சுவையானது. துணைக்குப் பேஸ் வாசிப்போர் இல்லாத கிற்றார்க் கலைஞருக்குத் தனிப்பயிற்சிக்கென ஆக்கப்பட்டது அது. பேஸ் கிற்றாரைப் போன்று அது ஒலிக்கவில்லை, ஆதலின் விலைபோகவில்லை. ஏறத்தாழ 10,000 கருவிகள் செய்யப்பட்ட பின்னர் 1984இல் அதன் உற்பத்தி நிறுத்தப்பட்டது. எனினும் ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் ஆற்றல் அதனிடம் இருந்தது. கிற்றார்க் கலைஞருக்கு வேண்டாததாய் இருந்த அவ்வழுக்கல், இராகத்தில் ஊறிய சரண்ஜித் சிங்கின் கையில் மீண்டு எனப்படும் சுரவிணைப்பின் சாயலைப் பெற்றது.

3. சிக்காகோவில் நிகழ்ந்தது

ஹவுஸ் என்னும் இசைவகை அமெரிக்காவின் சிக்காகோ நகரில் உருவானது. 1977இல் அங்கு தொடங்கப்பெற்ற 'வெயார்ஹவுஸ்' என்னும் நடனக்கூடத்தில் பிராங்கி நக்கிள்ஸ் இசைத்தட்டுக்களைத் தொடுத்து இசைத்து வந்தார். அங்கு ஆடக் கூடியோர் பெரும்பாலும் கறுப்பின, இலத்தீன் அமெரிக்க இளைஞர், அவர்களுட் பலர் தன்பாலீர்ப்பினர், வெளியுலகில் மதிக்கப்படாதோர். அக்கூடத்தின் பெயரின் ஈற்றுப்பகுதியே இசைவகையின் பெயராயிற்று என்பர். 1979ஆம் ஆண்டு யூலை 12ஆம் நாள் அதே நகரின் விளையாட்டரங்கொன்றில் டிஸ்கோ இசைத்தட்டுக்கள் குவிக்கப்பட்டு வெடிவைத்துத் தகர்க்கப்பட்டதையும் இங்கு நினைவுகூர்தல் வேண்டும். டிஸ்கோ மாண்டதெனப் பெருநிறுவனங்கள் கைவிட்டதன் பின்னர், மலிவான தாள இயந்திரங்களைக் கொண்டு அவ்விளைஞர் தமக்கு வேண்டிய இசையைத் தாமே ஆக்கிக்கொண்டனர். 1984இல் வெளிவந்த ஜெசி சோண்டர்சின் தட்டு முதலாவது ஹவுஸ் பதிவெனப் பலராற் குறிப்பிடப்படுவதாகும்.

கைவிடப்பட்ட டீ.பி. 303 கருவி பழைய பொருட்களோடு மலிவாக விற்கப்பட்டபோது டீ.ஜே. பியேரும் அவர்தம் தோழர் இருவரும் அதனை வாங்கினர். பியூச்சர் என்னும் பெயரில் இயங்கிய அம்மூவரும், கருவி ஓடிக்கொண்டிருக்கையிலேயே அதன் திருகிகளைத் திருப்பி ஒலியை நெளியவும் கீச்சிடவும் செய்தனர். பன்னிரண்டு நிமிடம் வரை நீளும் அப்பதிவு 1987இல் 'அசிட் ட்ரக்ஸ்' என்னும் பெயரில் வெளியானது. அசிட் ஹவுஸ் என்னும் உட்பிரிவுக்கு மூலம் அதுவே என்பது வரலாற்றில் நிலைபெற்ற கருத்து.

அப்பதிவு முதன்முதல் ஒலித்த இரவு பற்றி டீ.ஜே. பியேர் கூறியுள்ள செய்தி எமது ஆய்வுக்கு இன்றியமையாதது. 'மியூசிக் பொக்ஸ்' என்னும் நடனக்கூடத்தில் ரொன் ஹார்டி அதனை முதல்முறை இசைத்தபோது ஆடியோர் களத்தை விட்டு விலகினராம். அவர் மனந்தளராது அதே இரவில் மீண்டும் மீண்டும் இசைத்தார். நான்காம் முறை ஒலித்தபோது கூட்டம் ஆர்ப்பரித்து ஆடிற்றாம். ஒரே இரவில், ஒரே கூடத்தில், ஒரே கூட்டத்தின் கருத்து முற்றிலும் மாறியது. பம்பாயில் இருபத்தெட்டு ஆண்டுகள் எடுத்த மாற்றம் சிக்காகோவில் நான்கு முறை கேட்டலில் நிகழ்ந்தது. இவ்வேறுபாட்டுக்குக் காரணம் யாது என்பதே எம்முன் நிற்கும் வினா.

4. கருத்துக்களின் மூன்று நிலைகள்

சரண்ஜித் சிங்கின் தட்டினைப் பற்றிய கருத்துக்களைக் கால அடைவில் நோக்குமிடத்து மூன்று நிலைகள் புலனாகின்றன.

முதலாவது நிலை மௌனம். எச்.எம்.வி. முத்திரையோடு வெளிவந்தும் அத்தட்டு விற்பனையில் தோல்வியுற்றது. திரைப்பாடலை எதிர்பார்த்தோர்க்கு அதிற் பாட்டில்லை. இராகத்தை எதிர்பார்த்தோர்க்கு அதில் தபேலாவும் இல்லை, ஆலாபனையின் விரிவும் இல்லை. ஆட விரும்பியோர்க்கு அதனை ஆடுவதற்கெனக் கூடிய களம் இல்லை.

இரண்டாவது நிலை வியப்பு. ஒல்லாந்தரான எடோ பௌமன் 2002இல் டில்லிக் கடையொன்றில் அத்தட்டைக் கண்டெடுத்தார். 2010இல் அவரது 'பொம்பே கனெக்சன்' அதனை மறுபதிப்புச் செய்தது. சிக்காகோவின் அசிட் ஒலியைக் கேட்டு வளர்ந்தோர், அதே கருவிகளின் அதே நெளிவொலியை ஐந்தாண்டு முற்பட்ட இந்தியத் தட்டில் கேட்டபோது திகைத்தனர். சிலர் நம்பவே மறுத்தனர். ஏபெக்ஸ் ட்வின் என்னும் பெயரில் இயங்கும் ஆங்கிலேய இசைஞரின் விளையாட்டாக இருக்கலாம் எனவும் ஐயுறவு கிளம்பிற்று. ஐயம் தீர்ந்த பின்னர், முதியவரான சரண்ஜித் சிங் ஐரோப்பிய மேடைகளில் இளைஞர் முன்னிலையில் அவ்விசையை நிகழ்த்தினார்.

மூன்றாவது நிலை மறுப்பு. அசிட் ஹவுஸ் என்பது வெறும் ஒலியன்று, அஃது ஒரு சமூகத்தின் ஆக்கம். ஒரே கருவியை இருவர் எடுத்தால் ஒத்த ஒலி எழுதல் இயல்பு. சிக்காகோ இளைஞர் இத்தட்டைக் கேட்டு எதனையும் கற்றாரல்லர். எனவே அதனை மூலம் என்பது பொருந்தாது என இவர் வாதிட்டனர். கறுப்பின இளைஞரின் ஆக்கத்துக்கு வேறொரு தந்தையைத் தேடுதல் அவர்க்கு இழைக்கும் அநீதி என்ற நியாயமும் இவ்வாதத்துள் அடங்கும்.

இம்மூன்று நிலையினரும் ஒருவரோடொருவர் முரண்படுவோராகத் தோன்றினும், ஒரு செயலில் ஒன்றுபடுகின்றனர். மூவரும் அத்தட்டைப் பிறிதொன்றின் அளவுகோலாலேயே அளந்தனர். முதலாமவர்க்கு அளவுகோல் திரைப்பாடலும் சபையிசையும். ஏனை இருவர்க்கும் அளவுகோல் சிக்காகோ. தட்டின் பத்து இராகங்களுள் எது சிறந்தது, எது தளர்ந்தது என்னும் எளிய திறனாய்வு வினா பெரும்பாலும் கேட்கப்படாமலே போயிற்று.

5. சொறிக்கல்முனையிற் கேட்டோர்

இந்நிலையில், இவ்வளவுகோல்கள் இரண்டினும் அதிகம் பழகாத செவிகள் அத்தட்டை எங்ஙனம் ஏற்கும் என அறிய விழைந்தோம். வேளாண்மை வெட்டு முடிந்த மாலையொன்றிற் சொறிக்கல்முனையில் வீட்டு விறாந்தையொன்றில் நண்பர் சிலர் கூடினோம். வயல் நடுவே அமைந்து, திருச்சிலுவை ஆலயத்தால் அறியப்பெறும் அவ்வூர், தமிழ்ச் சிற்றூர்களுக்கும் முஸ்லிம் ஊர்களுக்கும் இடையே போக்குவரத்து ஓயாத இடமாதலின், இருபாலாரும் கூடுதற்கு ஏற்றதாயிற்று. முதலில் எதனையும் விளக்காது தட்டினை முழுமையாக ஒலிக்கச் செய்தோம். கருத்துக்களைக் கேட்டறிந்த பின்னர், அதன் ஆண்டினையும் மேனாட்டார் புகழ்ச்சியினையும் கூறி, மீண்டும் ஒலிக்கச் செய்தோம். இதனை அளவைமுறைப்பட்ட ஆய்வென நாம் கொள்ளவில்லை. கேட்போர் வாய்மொழியைத் தொகுக்கும் சிறு முயற்சி என்பதே பொருந்தும்.

கர்நாடக இசை கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் இராகங்களை உடனே இனங்கண்டார். பூபாளியை மோகனம் எனவும், மால்கோன்சை இந்தோளம் எனவும், யமனைக் கல்யாணி எனவும் தம் மரபின் பெயரிட்டு உரைத்தார். சுரங்கள் பிழையின்றி நிற்கின்றன, ஆனால் இராகம் எங்கும் நின்று இளைப்பாறவில்லை என்பது அவரது குறை. காலைக்குரிய பைரவும் நள்ளிரவுக்குரிய மால்கோன்சும் ஒரே வேகத்தில் ஓடுவதேன் என அவர் வினவினார். இது புறக்கணிக்கத்தக்க வினாவன்று. இராகத்துக்கு உரிய பொழுதினை இயந்திரத் தாளம் அழித்து விடுகின்றது. பைரவின் தட்டில் அவ்வழிவு மிகுதியாகத் தெரிகின்றது. சுரங்கள் ஐந்தேயாய மால்கோன்சில் அத்துணை தெரியவில்லை. சுரம் குறைந்த இராகங்கள் சுழலும் தாளத்துக்கு எளிதில் இணங்குகின்றன என்பது அவரும் நாமும் பன்முறை கேட்டுத் தெளிந்ததொன்றாகும்.

ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் இளைஞர் ஒருவரின் கருத்து நேரானது. "சேர், இது போன வருசம் வந்த பாட்டெண்டு சொன்னாலும் நம்புவன்" என்றார். ஆண்டினைக் கூறியதும் அவரது மதிப்பு இருமடங்காயிற்று. மறுமுறை கேட்கையில் முன்னர் கவனியாத நுட்பங்களையெல்லாம் வியந்து எடுத்துரைத்தார். ஆசிரியையின் குரலும் சற்றே தணிந்தது. நாற்பதாண்டுக்கு முன்னர் இதனை எண்ணிய துணிவு பாராட்டுக்குரியது என்றார். ஆண்டு என்னும் ஓர் எண், இருவரின் செவியையும் எமது கண்முன்னேயே மாற்றியமை குறிப்பிடத்தக்கது.

ஆண்டறிந்தும் கருத்து மாறாதோர் இருவர். ஒருவர் மத்தளம் பழக்கி ஊர்க்கூத்துக்கள் பல அரங்கேற்றிய முதிய அண்ணாவியார். கண்களை மூடிக் கேட்டிருந்தவர் முதல் தட்டு முடிந்ததும் எம்மை நோக்கி, "மத்தளக்காரன் பிழையில்ல மனே. தாளம் ஒரு இடத்திலயும் சறுக்கல்ல. ஆனா ஆட்டக்காரன் எங்க? ஆருக்கு அடிக்கான் இவன்?" என்றார். மற்றவர், அயலூரிலிருந்து வந்த றபான் கலைஞர். நாம் காக்கா என அழைக்கும் மூத்தவர். ஒரே தாளம் சலிப்புத் தரவில்லையா என வினவினோம். அவர் சிரித்தார். "தாளம் மாறினா எப்பிடித் தம்பி தலைக்க ஏறும்? இவன் ஏறப் போற நேரம் பாத்து நிப்பாட்டிப்போட்டான்" என்றார்.

மேனாட்டார் இத்தட்டைப் பற்றி எழுதியவற்றுள் நாம் வாசித்த எதுவும் இவ்விரு கூற்றுக்களின் கூர்மையைப் பெற்றிருக்கவில்லை எனக் கூறின் மிகையாகாது.

6. இரு கூற்றுக்களின் பொருள்

காக்காவின் கூற்றை முதலில் நோக்குவோம். சரண்ஜித் சிங்கின் இராகம் ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஐந்து நிமிடத்தில் முடிந்து விடுகின்றது. நீளவோட்ட இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஐந்து இராகங்களை அடக்க வேண்டிய கட்டாயமே அதற்குக் காரணம். வீட்டில் அமர்ந்து கேட்போருக்கெனச் செய்யப்பட்ட அளவு அது. சிக்காகோவின் அசிட் பதிவோ ஆடுவோருக்கெனச் செய்யப்பட்டமையாற் பன்னிரண்டு நிமிடம் நீண்டது. திரும்பத் திரும்ப வரும் தாளத்தின் பயன் அது திரும்பி வருந்தோறும் கேட்போர் உடலில் இறங்குவதிலேயே உள்ளது. பக்கீர் பைத்திலும் றபான் இசையிலும் பழகிய செவி இதனை நூலறிவின்றியே அறிந்திருக்கின்றது. எனவே ஒலியால் இவ்விரு பதிவுகளும் உறவுடையனவாயினும், காலவளவால் வேறு வேறு நோக்கின என்பது தெளிவாகின்றது. இரண்டும் ஒரே வகையின என்போரும் இரண்டுக்கும் தொடர்பே இல்லை என்போரும் இதனைக் கவனித்தாரல்லர்.

இசையமைப்பிலும் இவ்வேறுபாடு உண்டு. சரண்ஜித் சிங்கிடம் 303 கருவி இராகத்துக்குத் துணை நிற்கின்றது; தலைமை யூப்பிட்டர் கருவியின் மெட்டுக்கே உரியது. பியூச்சர் குழுவினரிடம் மெட்டு என ஒன்றில்லை. 303 கருவியின் குரல் மாறுதலே மெட்டின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஒருவர் பழைய மெட்டைப் புதிய கருவிக்குக் கொண்டு சென்றார். மற்றையோர் கருவிக்குள்ளிருந்தே புதிய மெட்டை வரவழைத்தனர். இரண்டும் ஆற்றல்மிக்க செயல்களே. ஒன்றை மற்றதன் முன்னோடி எனச் சுருக்கினால் இரண்டின் சிறப்பும் மறைந்துபோம்.

அண்ணாவியாரின் வினா இதனினும் ஆழமானது. ஆட்டக்காரன் எங்கே என்னும் வினா, அத்தட்டு பம்பாயில் வாய்பேசாது கிடந்தமைக்குரிய காரணத்தையே தொட்டு விடுகின்றது. சிக்காகோவில் இசைத்தவருக்கும் ஆடினவருக்கும் இடையே ஒரு களம் இருந்தது. முதல்முறை வெறுத்த கூட்டம் நான்காம் முறை ஏற்கும் வரை அக்களம் கலையாதிருந்தது. பம்பாயில் இசைப்பதிவுக்கூடம் இருந்தது, கருவி இருந்தது, கலைஞர் இருந்தார், பெரியதொரு நிறுவனமும் இருந்தது. நான்கு முறை கேட்கக் கூடிய ஒரு கூட்டம் மாத்திரம் இல்லை. சிக்காகோ இளைஞரிடம் நிறுவனமும் இல்லை, பணமும் இல்லை, கூட்டம் இருந்தது. மரபொன்று தோன்றுதற்குக் கருவியினும் கூட்டமே முதன்மையானது என்பதனை இவ்விரு நகரங்களின் ஒப்பீடு நன்கு உணர்த்துகின்றது. முதலிற் செய்தவர் என்ற பெயர் சரண்ஜித் சிங்கிற்கு உரியதாகலாம்; அவர்க்குப் பின் அவ்வழியிற் சென்றோர் எவருமிலர். வழித்தோன்றல் இல்லாத முதன்மை வரலாற்றில் ஒரு வியப்புச் செய்தியாகவே எஞ்சும்.

7. எமது முதன்மைகள்

இவ்வகை வழக்கு எமது இலக்கிய வரலாற்றுக்குப் புதிதன்று. திருகோணமலை இன்னாசித்தம்பி எழுதிய 'ஊசோன் பாலந்தை கதை' (1891) ஈழத்தின் முதல் நாவலெனக் கருதப்பட்ட காலமொன்று இருந்தது. பின்னர் கண்டியைச் சேர்ந்த சித்திலெப்பையின் 'அசன்பே சரித்திரம்' (1885) முன்னிறுத்தப்பட்டது. அதனால் ஈழத்து இலக்கிய வரலாற்றில் முஸ்லிம்களின் பங்கு உரிய இடம்பெற வழி பிறந்தமை நன்மையே. ஆயினும் ஆண்டினை நிலைநாட்டுவதிற் செலவிட்ட உழைப்பில் ஒரு பங்கினை, அந்நூலை அக்காலத்தில் வாசித்தோர் யாவர், அவர் கைகளில் அது எங்ஙனம் சென்றது, அதன் வழியில் எழுதினோர் உளரோ என்பவற்றை ஆராய்வதிற் செலவிட்டோமா என எம்மை நாமே வினவுதல் தகும். முதன்மை என்பது பிற்காலத்தார் முற்காலத்துக்கு எழுதும் தீர்ப்பு. எழுதியவர் தம்மை முதல்வர் என அறியார். சரண்ஜித் சிங்கும் அசிட் ஹவுஸ் என எண்ணி அத்தட்டைச் செய்தாரல்லர்.

இதற்கு மறுதலையான அநுபவமும் எமக்குண்டு. 1960களிற் பேராதனைப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தினை மேடைக்கெனச் சுருக்கி அமைத்தபோது, விடியவிடிய ஆடப்பட்ட கலைக்குப் புதியதொரு பார்வையாளர் கூட்டம் உருவானது. கலை புதிதன்று, அதனைப் புதிதாய்க் கேட்கும் கூட்டம் திரட்டப்பட்டது. சரண்ஜித் சிங்கிற்கு 1982இல் வாய்க்காதது அதுவே.

எமது கரையின் நிலையை இவ்விடத்து எண்ணாதிருத்தல் இயலாது. சூடு மிதிக்கையில் எருமைகளின் பின்னே சுற்றிவந்து பாடப்பட்ட பொலிப்பாட்டு, இயந்திரங்கள் வயலுக்கு வந்த பின்னர் தன் களத்தை இழந்தது. முஸ்லிம் ஊர்களிற் பெண்கள் வாய்மொழியாக வழங்கிய கவிகளை இன்று அறிந்தோர் முதியோர் சிலரே. களிகம்பும் றபானும் விழா மேடைகளிற் சில நிமிடக் காட்சியாய் ஒடுங்கி வருகின்றன. 1990ஆம் ஆண்டின் இடப்பெயர்வுகளிலும் 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையிலும் வீடுகளோடு ஒலிநாடாக்களும் போயின. ஒரு நாள் எவரேனும் ஒரு பழைய நாடாவைக் கண்டெடுத்து, இது முதலாவது, இது அரியது என முழங்கக்கூடும். அப்போது எமக்குப் பெருமை கிட்டும், மரபு கிட்டாது. நான்கு முறை கேட்டு, நான்காம் முறையில் எழுந்து ஆடுதற்குரிய கூட்டம் இப்பொழுதே இருந்தாலன்றி அது கிட்டாது.

8. முடிபுரை

மேற்கூறியவற்றாற் பெறப்படுவன மூன்று. முதலாவது, சரண்ஜித் சிங்கின் இசைத்தட்டு அசிட் ஹவுஸின் மூலமும் அன்று, வெறும் தற்செயலும் அன்று. இராகத்தினை இயந்திரத்தின் இடையறாத் தாளத்தோடு பொருத்திப் பார்த்த தனித்ததொரு முயற்சி அது. ஐந்து சுர இராகங்களில் அம்முயற்சி வெற்றியுற்றது. பொழுதினைப் பெரிதும் சார்ந்த இராகங்களில் தளர்ந்தது. இரண்டாவது, அதனைப் பற்றிய கருத்து மாற்றங்களுக்கு இசையினும் கேட்போரின் முன்னறிவே பெருங்காரணமாயிற்று. மூன்றாவது, ஒரு படைப்பு மரபாக வளர்தற்கு அதனைப் பலமுறை கேட்கும் கூட்டமொன்று இன்றியமையாதது.

எனவே பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களும் ஆர்வலரும் நாட்டாரிசையைப் பதிவுசெய்யப் புறப்படும்போது பாடுவோரின் குரலோடு கேட்போரின் கருத்தையும் பதிவுசெய்தல் வேண்டும் என்பது எமது வேண்டுகோள். பாட்டு எங்கே நீண்டது, எங்கே சலித்தது, எவ்விடத்தில் எழுந்து ஆடத் தோன்றியது என்பதனைக் கூறக்கூடியோர் எமது ஊர்களில் இன்னும் உளர். அன்று விடைபெறுகையில் அண்ணாவியார் அத்தட்டின் மால்கோன்சை இன்னொருமுறை போடும்படி கேட்டார். தம் பேரன் ஒருவனை அழைத்து, அதற்கு இரண்டு அடி வைத்துப் பார் என்றார். பேரன் நாணி நின்றான். அண்ணாவியார் கையினால் தொடையில் தாளமிட்டபடி, அவன் அடி வைக்கும் வரை காத்திருந்தார்.